பணம் கொண்டு வருபவர் எல்லாம் பார்ட்னரா?

"நல்ல பார்ட்னர் ஒருவரைச் சேர்த்துக்கொள், எல்லாம் சரியாகிவிடும்." சிறுதொழில் செய்பவர்களுக்கு நம் ஊரில் இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனைகளிலேயே மிகவும் ஆபத்தானது இதுதான் என்பது என் கட்சி. வங்கியில் முப்பது வருடங்களுக்கு மேல், அதிலும் பெரும்பகுதி சிறுதொழில் கடன் பிரிவில் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன். கடன் வாங்கிக் கெட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், கூட்டாளியால் கெட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் வகையினர் பெரும்பாலும் எழுந்து நின்றுவிட்டார்கள். இரண்டாவது வகையினருக்கு அது சுலபமாக இருக்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர். கோவையில் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுக்கான உபகரணங்கள் தயாரிக்கும் சின்னக் கம்பெனி நடத்துகிறார். துப்பாக்கி என்றவுடன் பயந்துவிடாதீர்கள். அவர் துப்பாக்கி செய்வதில்லை, விற்பதும் இல்லை. சுடும்போது போட்டுக்கொள்ளும் ஜாக்கெட், பேன்ட், கையுறை, துப்பாக்கியைத் தாங்கும் வார், எடுத்துச் செல்லும் பை, ஒரு கண்ணை மறைக்கும் தடுப்பு, காகித இலக்குகள், இவைதான் அவர் சரக்கு. நான்கு தையல் இயந்திரங்கள், மூன்று தொழிலாளிகள். மனைவி கணக்கு பார்க்கிறார். வீடு அம்மா பெயரில்.

ஆர்டர் வருகிறது. ஆனால் தோலும் கான்வாஸும் ரொக்கம் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. சரக்கு வாங்கும் பயிற்சி மையங்களோ மூன்று மாதம் கழித்துப் பணம் தருகின்றன. இடையில் கை கடிக்கிறது. இந்த நேரத்தில் மனைவி வழியில் மச்சான் முறையுள்ள ஒருவர் முன்வந்திருக்கிறார். "பத்து லட்சம் தர்றேங்கறாருங்க சார், பாதிப் பங்கு கேக்கறாரு. வீட்ல எல்லாரும் சரின்னு சொல்லீட்டாங்க" என்றார் இளைஞர்.

வீட்டில் எல்லோரும் சரி என்று சொல்லிவிட்டதால்தான் நான் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த இளைஞருக்கு வேண்டியது பணம். கிடைக்கப்போவது எஜமானர்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். 10 லட்சத்தை வங்கியில் 12 சதவீத வட்டிக்கு 5 வருடத் தவணையில் வாங்கினால், மாதம் சுமார் 22,250 ரூபாய் கட்ட வேண்டும். ஐந்து வருடத்தில் கட்டும் மொத்த வட்டி சுமார் 3 லட்சத்து 35 ஆயிரம். அதோடு வங்கிக்கும் நமக்கும் உறவு முடிந்தது. அதே 10 லட்சத்தைப் பங்காக வாங்கினால்? வருடத்துக்கு 8 லட்சம் லாபம் வருகிறது என்று வையுங்கள். பாதி 4 லட்சம் மச்சானுக்கு. ஐந்து வருட வட்டியைவிட ஒரே வருடப் பங்கு அதிகம். அடுத்த வருடமும் 4 லட்சம், அதற்கடுத்த வருடமும் 4 லட்சம். லாபம் கூடினால் அதுவும் கூடும். இதற்குத் தவணை முடியும் தேதியே கிடையாது.

"கடன் என்றால் நஷ்டம் வந்தாலும் கட்ட வேண்டும், பார்ட்னர் என்றால் நஷ்டத்திலும் பங்கு உண்டே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது, ஆனால் அது கூட்டாளிகளுக்கு இடையிலான கணக்கு. வெளியே கடன் கொடுத்தவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. 1932ஆம் வருட இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, நிறுவனத்தின் கடன் முழுவதற்கும் ஒவ்வொரு கூட்டாளியும் தனித்தனியாகவும் பொறுப்பு. கடன்காரர் யாரிடம் வசூலிப்பது சுலபமோ அவரைப் பிடிப்பார். என் பணிக்காலத்தில் பம்பு உதிரிபாகம் செய்த இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். தொழில் படுத்தபோது ஒருவர் பெயரில் எதுவுமே இல்லை, மற்றவருக்கு அப்பா விட்டுச் சென்ற வீடு இருந்தது. யாருடைய வீடு ஏலத்துக்கு வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு வந்து உட்கார்ந்துகொள்ளும். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபம் சரிபாதி, யார் எவ்வளவு முதல் போட்டார்கள் என்பது பொருட்டே அல்ல. அதைவிட முக்கியம், தொழிலில் உழைப்பதற்காக எந்தக் கூட்டாளிக்கும் சம்பளம் கிடையாது. அதாவது, காலை எட்டு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணி வரை கத்தரிக்கோல் பிடிக்கும் நம் இளைஞருக்கும், பொங்கலுக்கு ஒரு முறை வந்து கணக்கு கேட்டுவிட்டுப் போகும் மச்சானுக்கும் ஒரே வருமானம். இதற்குப் பெயர் ஸ்லீப்பிங் பார்ட்னராம். தூங்குகிறவருக்கும் முழித்திருக்கிறவருக்கும் ஒரே கூலி!

எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் விஷயம் இதுவரை சொன்னது. இந்தத் தொழிலுக்கென்றே இருக்கும் ஆபத்துகளைச் சொல்கிறேன்.

பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியின் இலக்கு மொத்தமே 45.5 மில்லிமீட்டர் அகலம். அதன் நடுவில் இருக்கும் பத்து மதிப்பெண் புள்ளி அரை மில்லிமீட்டர், அதாவது பேனாவால் வைத்த புள்ளி போல. உடம்பு துளி ஆடாமல் நின்றால்தான் அதை அடிக்க முடியும். அதற்காகத்தான் அந்த விறைப்பான ஜாக்கெட்டும் பேன்ட்டும். ஆனால் ஜாக்கெட்டே ஆளை நிறுத்தி வைத்துவிடக் கூடாது அல்லவா? அதனால் உலகத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப் அளவு வைத்திருக்கிறது. துணியின் தடிமன் ஒற்றை மடிப்பில் 2.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கருவியை வைத்து அழுத்தினால் குறைந்தது 3 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். கையுறை, ஷூவின் அடிப்பகுதி, கண் தடுப்பின் அகலம் எல்லாவற்றுக்கும் இப்படி மில்லிமீட்டர் கணக்கு உண்டு. போட்டி முடிந்த பிறகும் கூப்பிட்டு அளப்பார்கள். அப்போது தவறினால் தகுதி நீக்கம். நாலு வருடம் பயிற்சி எடுத்த பிள்ளையின் மதிப்பெண் முழுவதும் போய்விடும்.

இப்போது மச்சானைக் கொண்டுவந்து இந்தப் பட்டறையில் உட்கார வையுங்கள். அவர் கெட்டவர் இல்லை. வியாபாரம் தெரிந்தவர்தான். கணக்கைப் புரட்டிவிட்டு, "கான்வாஸுக்கு எதற்கு இவ்வளவு விலை? மீட்டருக்கு நாற்பது ரூபாய் குறைவாக என் நண்பர் தருவார்" என்பார். மளிகைக் கடையிலோ ஜவுளிக் கடையிலோ அது நல்ல யோசனை. இங்கே அந்தத் துணி கால் மில்லிமீட்டர் தடித்திருந்தால் எங்கோ ஒரு போட்டியில் ஒரு பெண் பிள்ளை அழுதுகொண்டே வெளியே வருவாள். அவளுடைய பயிற்சியாளர் மற்ற பயிற்சியாளர்களிடம் சொல்வார். இந்த விளையாட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். சிறிய உலகம். அதோடு கடையைச் சாத்த வேண்டியதுதான்.

அடுத்தது இதைவிடப் பெரியது. "ஜாக்கெட் தைத்து என்ன சம்பாதிக்கப் போகிறோம்? துப்பாக்கியே விற்கலாமே, அதற்கான பாகங்களைச் செய்யலாமே" என்ற ஆசை பணம் போட்டவருக்கு வராமல் இருக்காது. 4.5 மில்லிமீட்டர் குழலுக்குள், 20 ஜூல் ஆற்றலுக்குள் இருக்கும் ஏர் ரைபிள் வைத்துக்கொள்ள உரிமம் வேண்டாம். அந்த எல்லையைத் தாண்டினால் கதை வேறு. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் ஆயுதத்தின் பாகங்களும் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் செய்து விற்றால், 2019 திருத்தத்திற்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனை ஏழு வருடம், அதிகபட்சம் ஆயுள். குற்றம் செய்தது கூட்டு நிறுவனம் என்றால், தொழிலை நடத்திக்கொண்டிருந்த கூட்டாளி "எனக்குத் தெரியாமல் நடந்தது" என்று தானே நிரூபித்து வெளியே வர வேண்டும். வார் எங்கே முடிகிறது, பாகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒருவரிடம் நிறுவனத்தின் பெயரில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைக் கொடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த வீட்டில் யாராவது யோசித்தார்களா?

துப்பாக்கித் தொழிலின் சரித்திரத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் ஹோரேஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்று இரண்டு தொழில்காரர்கள் 1850களின் தொடக்கத்தில் சேர்ந்து ஒரு புதுவகைத் துப்பாக்கி செய்தார்கள். பணம் போதவில்லை. 1855இல் வெளியிலிருந்து முதலீட்டாளர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் சட்டை தயாரித்து விற்றுப் பணம் சேர்த்த ஆலிவர் வின்செஸ்டர். கொஞ்ச காலத்தில் நிறுவனம் அவர் கைக்குப் போய், பிற்பாடு வின்செஸ்டர் என்ற பெயரிலேயே உலகப் புகழ் பெற்றது. கம்பெனி பிழைத்தது. ஆரம்பித்தவர்கள் அதில் இல்லை.

அவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1856இல் அதே இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். இந்த முறை அவர்களுக்கு வேண்டிய ஒரு காப்புரிமை ரோலின் ஒயிட் என்பவரிடம் இருந்தது. அவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு ரிவால்வருக்கு 25 சென்ட் என்று ராயல்டி பேசி முடித்தார்கள். காப்புரிமையைக் காக்க வழக்கு வந்தால் அந்தச் செலவும் ஒயிட் தலையில். ஒயிட்டுக்கு அது நல்ல பேரம் இல்லைதான். ஆனால் விலை கொடுத்து வாங்கக்கூடியதற்குப் பங்கு கொடுக்காதே என்பதை ஸ்மித்தும் வெஸ்ஸனும் ஒரு முறை சூடுபட்டுக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் ஏர் ரைபிளைத் துப்பாக்கிச் சுடும் பிள்ளைகளைக் கேட்டால் கண்கள் விரியச் சொல்வார்கள். அதைத் தொடங்கியவர்கள் வெஸ்டிங்கர், ஆல்டன்பர்கர் என்ற இருவர். இருவருமே மௌசர் தொழிற்சாலையில் வேலை பார்த்த பொறியாளர்கள். அங்கே ஒருவருக்கொருவர் வேலையில் பேசும் மொழி புரிந்தது. கூட்டு என்றால் அது.

அப்படியானால் கூட்டே வேண்டாம் என்கிறேனா? இல்லை. என் அளவுகோல் ஒன்றே ஒன்று. காசு கொடுத்து வாங்கவோ, சம்பளம் கொடுத்து வைக்கவோ முடியாத ஒன்றைக் கொண்டு வருகிறவருக்கு மட்டும் பங்கு கொடுங்கள். பணத்தை வங்கியில் வாங்கலாம். கணக்கு எழுத ஆள் வைக்கலாம். விற்றுக் கொடுக்கிறவருக்குக் கமிஷன் தரலாம்.

இந்த இளைஞரிடம் இல்லாதது என்ன? அவர் நல்ல தையல்காரர். தோல் தெரியும், துணி தெரியும். ஆனால் அவர் போட்டியில் சுட்டவர் இல்லை. முழங்கால் போட்டுச் சுடும்போது ஜாக்கெட் எங்கே பிடிக்கும், வளர்கிற பிள்ளைக்கு எங்கே தையலில் விட்டுப் பிடிக்க வேண்டும், சோதனை மேசையில் எது சிக்கும், இதெல்லாம் பல வருடம் அந்த மேசை முன் நின்றவருக்குத்தான் தெரியும். அப்படிப் போட்டியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கிடைத்தால் கால் பங்கு கொடுங்கள், பத்துப் பைசா முதல் இல்லாவிட்டாலும் கொடுங்கள் என்றுதான் சொன்னேன்.

"அப்படியென்றால் பயிற்சியாளரையே சேர்த்துக்கொள்ளலாமே, மாணவர்கள் எல்லாம் வாங்குவார்களே" என்று என் நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். கூடவே கூடாது. இன்று பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பவர் கம்பெனியில் பங்குதாரர் ஆனால், அவர் சிபாரிசு செய்வது சிபாரிசு இல்லை, வசூல். பெற்றோர்கள் வாய் திறக்க மாட்டார்கள், ஏனென்றால் பிள்ளை அவர் கையில் இருக்கிறது. ஆனால் மனதில் வைத்துக்கொள்வார்கள். இந்த விளையாட்டுக்கு ஏற்கெனவே செலவு அதிகம். 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதிலிருந்து 2024 பாரிஸில் மூன்று வெண்கலம் கிடைத்தது வரை பார்த்துவிட்டு, நடுத்தரக் குடும்பங்களும் கடனை உடனை வாங்கிப் பிள்ளைகளை அனுப்புகின்றன. அவர்களிடம் கட்டாய விற்பனை செய்து பிழைக்கும் கம்பெனிக்கு மரியாதை இருக்காது.

அடுத்து, எழுத்து. நம் மக்களிடம் பெரிய நோய் ஒன்று இருக்கிறது. சொந்தத்துக்குள் பத்திரம் கேட்டால் அவமானமாம். "என்னை நம்பவில்லையா?" என்று கேட்டுவிடுவார்கள். தமிழில் பங்கு வாங்குகிறவனுக்குப் பங்காளி என்று பெயர். அதே சொல்தான் அண்ணன் தம்பி வகையறாவுக்கும். பங்காளிச் சண்டை என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? நம் முன்னோர்களுக்குத் தெரிந்தது நமக்கு மட்டும் தெரியவில்லை. நம்பிக்கை இருக்கும்போதுதான் பத்திரம் எழுத முடியும். அது போன பிறகு வக்கீல் நோட்டீஸ்தான் எழுத முடியும்.

பத்திரத்தில் என்ன இருக்க வேண்டும்? உழைக்கிறவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு. காசோலையில் யார் கையெழுத்து. ஜாக்கெட் வெட்டும் அளவுப் படிவங்கள் யாருக்குச் சொந்தம். விலகுகிறவர் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது. ஒருவர் இறந்தால் என்ன, ஏனென்றால் இருவர் கூட்டில் ஒருவர் போனால் கூட்டே முடிந்தது. துப்பாக்கி, துப்பாக்கியின் பாகம் எதையும் தொடுவதில்லை என்று ஒரு வரி. எல்லாவற்றுக்கும் மேல், பத்திரத்தோடு நிற்காமல் நிறுவனப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், வராத பாக்கிக்காக வாடிக்கையாளர் மீது வழக்குப் போட முடியாது. 69ஆம் பிரிவு. இதைத் தெரியாமல் நீதிமன்ற வாசல் வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு. வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் 2008ஆம் வருடச் சட்டத்தின்கீழ் எல்.எல்.பி. ஆகப் பதிவு செய்வது இன்னும் நல்லது. அதில் கம்பெனியின் கடன் கூட்டாளியின் சொந்தச் சொத்தில் கை வைக்காது. தனியாக ஜாமீன் கையெழுத்துப் போட்டுத் தொலைக்காதவரை.

பணத்துக்கு வழி? 10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. முத்ரா கடனும் 10 லட்சம் வரை உண்டு. அதை வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை என்று 2024 பட்ஜெட்டில் உயர்த்தினார்கள். மேலாளர் துப்பாக்கி என்ற சொல்லைப் பார்த்து முகம் சுளித்தால், விண்ணப்பத்தில் விளையாட்டு உடைகள், தோல் பொருட்கள் என்று உள்ளதை உள்ளபடி விளக்கி எழுதுங்கள். மூன்று மாதம் பாக்கி வைக்கும் வாடிக்கையாளருக்கு, உத்யம் பதிவு எண்ணைப் பில்லில் அச்சிட்டு அனுப்புங்கள். 2006ஆம் வருடச் சிறு நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாட்களுக்கு மேல் பாக்கி வைத்தால், வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். வழக்கெல்லாம் போட வேண்டாம், ஒரு வரி எழுதினாலே பாதிப் பேர் பணம் அனுப்பிவிடுவார்கள்.

இவ்வளவும் சொன்னேன். "மச்சான் கோவிச்சுக்குவாருங்க சார்" என்றார். கோபித்துக்கொள்ளட்டும். இப்போது கோபித்துக்கொண்டால் அடுத்த கல்யாணத்தில் சமாதானமாகிவிடுவார். மூன்று வருடம் கழித்து இயந்திரத்தையும் பாக்கியையும் பிரிக்கும்போது கோபித்துக்கொண்டால் இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் உட்காராது. அவரிடமே அந்தப் பத்து லட்சத்தை வட்டிக்குக் கேட்டுப் பாருங்கள், பங்காக இல்லாமல் கடனாக. புரோநோட்டு எழுதிக் கொடுங்கள், வங்கி வட்டியைவிட ஒரு சதவீதம் கூடவே கொடுங்கள். உதவிதான் அவர் நோக்கம் என்றால் சம்மதிப்பார். மாட்டேன் பங்குதான் வேண்டும் என்றால், அவர் கண் உங்கள் கஷ்டத்தின் மேல் இல்லை, உங்கள் கம்பெனியின் மேல் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இளைஞர் இன்னும் முடிவு எடுக்கவில்லை. கேட்டுப் பார்க்கிறேன் என்று போயிருக்கிறார். கூட்டுத் தொழில் செய்து சந்தோஷமாக இருக்கும் அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், என்னோடு சண்டைக்கு வாருங்கள். ஆனால் வரும்போது ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், உங்கள் கூட்டாளி முதல் நாள் உங்களிடம் கொண்டு வந்தது பணமா, தொழிலா?